சான்றெழுத்தும் பேயச்சமும்: திகில் படங்களின் வயதுவரம்பும் பார்வையாளர் உருவாக்கமும்

முன்னுரை

1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம்முள் தொடர்பில்லாத இரு நிகழ்வுகள் சில வார இடைவெளியில் நடந்தேறின. ஜனவரியில் பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கை வாரியம், 16 வயது நிரம்பாதோர் பார்க்கக்கூடாத படங்களுக்கென ‘எக்ஸ்’ என்னும் புதிய சான்றிதழை நடைமுறைப்படுத்தியது. பிப்ரவரியில் தமிழகத் திரையரங்குகளில் ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தின் ‘மர்மயோகி’ வெளியாயிற்று. கே. ராம்நாத் இயக்கி, எம்.ஜி.ஆர். கரிகாலனாக நடித்த அப்படத்தில் பேயுருவம் தோன்றும் காட்சிகள் இடம்பெற்றமையால் அதற்கு ‘வயது வந்தோர்க்கு மட்டும்’ எனப் பொருள்படும் ‘ஏ’ சான்றிதழ் வழங்கப்பட்டது. தமிழ்ப் படமொன்று ‘ஏ’ சான்றிதழ் பெற்றது அதுவே முதன்முறை எனத் திரைப்பட வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் அடியில் இருந்த வினா ஒன்றே. திரையில் தோன்றும் அச்சம் யாருக்கு உரியது? அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் பெற்றோரா, அரசா, படத்தை விற்பவரா? வயதுச் சான்றிதழ் என்பது சிறுவரை அரங்கிற்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் கடந்த தொண்ணூறு ஆண்டுக்கால வரலாற்றைத் தொகுத்துக் காணுங்கால், அச்சான்றெழுத்து திகில் படத்தின் பார்வையாளர் யாவர் என்பதை வரையறுத்தும், படத்தின் வடிவத்தையே மாற்றியும் வந்திருப்பது புலனாகிறது. பிரிட்டன், அமெரிக்கா, தமிழகம், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நிலப்பகுதிகளின் சான்றுகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சத்திற்கென ஓர் எழுத்து

பிரிட்டனின் 1909ஆம் ஆண்டுத் திரைப்படக் காட்சிச் சட்டம் தீ விபத்திலிருந்து பார்வையாளரைக் காக்கும் பொருட்டு எழுந்தது. அரங்குகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அது உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அம்மன்றங்கள் அவ்வதிகாரத்தைக் கொண்டே எந்தப் படத்தைக் காட்டலாம் என்பதையும் முடிவு செய்யத் தலைப்பட்டன. ஊருக்கோர் விதி என்னும் நிலை தம் தொழிலைக் குலைத்துவிடும் என அஞ்சிய படத்துறையினர் 1912இல் தாமே ஒரு தணிக்கை வாரியத்தை அமைத்துக்கொண்டனர். 1913 முதல் அவ்வாரியம் இருவகைச் சான்றிதழ்களை வழங்கியது. ‘யு’ அனைவர்க்கும் உரியது. ‘ஏ’ வயது வந்தோர்க்கு ஏற்றது. தொடக்கத்தில் ‘ஏ’ என்பது அறிவுரை மட்டுமே. 1920களின் முற்பகுதியில் லண்டன் கவுண்டி மன்றம், ‘ஏ’ படங்களுக்கு வரும் 16 வயதுக்குட்பட்டோர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வரவேண்டும் என்னும் நிபந்தனையை விதித்தது. பிற மன்றங்களும் அதனைப் பின்பற்றின.

இந்த ஏற்பாடு பெற்றோரின் தீர்ப்பை நம்பி எழுந்தது. நடைமுறையோ வேறாக இருந்தது. அரங்க வாயிலில் நின்று, முன்பின் அறியாத பெரியவர்களிடம் நுழைவுக் காசைக் கொடுத்துத் தம்மை உள்ளே அழைத்துச் செல்லுமாறு சிறுவர் வேண்டுவது பிரிட்டிஷ் நகரங்களில் வழக்கமான காட்சியாயிற்று. பெற்றோரும் தம் பிள்ளைகளை எத்தகைய படத்திற்கும் அழைத்து வரத் தயங்கவில்லை.

இந்நிலையில்தான் 1931இல் அமெரிக்க யுனிவர்சல் நிறுவனத்தின் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆகிய இரு படங்களும் வெளிவந்தன. ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில், போரிஸ் கார்லாஃப் ஏற்ற அரக்கனுரு ஏரிக்கரையில் விளையாடும் சிறுமியைத் தூக்கி நீரில் எறியும் காட்சி பல இடங்களில் தணிக்கையாளரின் கத்தரிக்கு இரையாயிற்று. படம் பிரிட்டனுக்கு வந்தபோது, இதனை ‘ஏ’ என்னும் பொதுப்பிரிவுக்குள் அடக்குவது போதுமா என்னும் ஐயம் உள்ளாட்சி மன்றங்களிடையேயும் சிறுவர் நல அமைப்புகளிடையேயும் எழுந்தது. அதன் விளைவாக 1932இல் ‘எச்’ என்னும் எழுத்து தோன்றியது. ‘திகிலூட்டுவது’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. கார்ல் டிரையரின் ‘வாம்பயர்’, கார்லாஃப் நடித்த ‘தி கூல்’ முதலியன அவ்வெழுத்தைத் தாங்கிய தொடக்கக்காலப் படங்களுள் அடங்கும்.

‘எச்’ முதலில் எச்சரிக்கை அளவிலேயே நின்றது. 1937இல்தான் 16 வயதுக்குட்பட்டோர் பெற்றோருடன் வரினும் ‘எச்’ படங்களுக்கு அனுமதி இல்லை என்னும் நிலை உருவாயிற்று. இம்மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. காதல், குற்றம், குடி முதலியவற்றைக் காட்டிய படங்களில் தம் பிள்ளைக்குத் தக்கது எது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என விட்டுவைத்த அமைப்பு, அச்சத்தைப் பொறுத்தவரை மட்டும் அவ்வுரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெற்றோரின் தீர்ப்பை முழுதும் விலக்கிய முதல் பிரிட்டிஷ் சான்றிதழ் திகில் படத்திற்கு உரியதாக அமைந்தது இவ்வாறே. போர்க்காலத்தில் கெடுபிடி மேலும் இறுகியது. 1942 முதல் 1945 வரை ‘எச்’ வகைப் படங்களுக்கு வாரியம் சான்றளிக்கவே மறுத்தது. உண்மையான குண்டுவீச்சில் அச்சத்தை உணர்ந்துகொண்டிருந்த மக்களுக்குக் கற்பனை அச்சம் வேண்டுவதில்லை என்னும் எண்ணம் அன்றைய சூழலுக்குப் பொருந்தியது.

இவ்வெழுத்தால் விளைந்த மற்றொரு பயனும் உண்டு. அதற்குமுன் பேய்க்கதை, மருமக்கதை, அறிவியல் கற்பனை எனப் பலவாறு அழைக்கப்பட்ட படங்கள் ஒரே எழுத்தின்கீழ்த் திரண்டன. சுவரொட்டியில் ‘எச்’ என்று கண்டவுடன் உள்ளே என்ன கிடைக்கும் என்பதைப் பார்வையாளர் அறிந்துகொண்டனர். திகில் படம் என்னும் வகைமை பிரிட்டிஷ் மக்களின் மனத்தில் நிலைபெறுவதற்குத் தணிக்கை வாரியமும் தன்னையறியாமல் துணைபுரிந்தது எனலாம்.

தடை விளம்பரமாதல்

சிறுவரும் திரைப்படமும் குறித்து ஆராய அமைக்கப்பட்ட வேர் குழு 1950இல் அளித்த அறிக்கையின் பரிந்துரைப்படி ‘எச்’ நீங்கி ‘எக்ஸ்’ வந்தது. திகில் படங்களோடு, முதிர்ந்த பார்வையாளரை நோக்கிய பிற படங்களையும் உள்ளடக்குவதே புதிய பிரிவின் குறிக்கோள். குடும்பமாக வருவோரை நம்பியிருந்த பெரிய அரங்கத் தொடர்கள் ‘எக்ஸ்’ படங்களைத் திரையிடத் தயங்கின. சான்றிதழ் வணிகத் தடையாகவே முதலில் கருதப்பட்டது.

இக்கருத்தைத் தலைகீழாக மாற்றியது ஹேமர் என்னும் சிறிய படநிறுவனம். நைஜல் நீல் எழுதி 1953இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்’ என்னும் தொடரை அந்நிறுவனம் 1955இல் படமாக்கியது. அப்போது ‘சோதனை’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வேண்டுமென்றே நீக்கி, சொல் ‘எக்ஸ்’ எழுத்திலேயே தொடங்குமாறு தலைப்பு எழுதப்பட்டது. பார்க்கக்கூடாது எனத் தணிக்கை வாரியம் இட்ட எழுத்து, பார்க்க வாருங்கள் என அழைக்கும் எழுத்தாகப் படத்தின் பெயருக்குள்ளேயே புகுந்துகொண்டது. 1957இல் ‘ஃபிராங்கன்ஸ்டைனின் சாபம்’, 1958இல் ‘டிராகுலா’ என அந்நிறுவனம் அடுத்தடுத்து ஈட்டிய வெற்றிகளுக்கு 16 வயதைக் கடந்த இளைஞர் கூட்டமே அடித்தளம். தொலைக்காட்சி குடும்பங்களை வீட்டில் இருத்திவிட்ட காலத்தில், வீட்டில் காணக்கிடைக்காத ஒன்றைத் தேடி வெளியே வந்த தலைமுறை அது. அத்தலைமுறைக்கு ‘எக்ஸ்’ படத்திற்குள் நுழைவது வயது வந்தமைக்கான சான்றாகவும் விளங்கியது.

1970இல் ‘எக்ஸ்’ பிரிவின் வயது 18 ஆக உயர்ந்தது. 1982இல் எழுத்து நீங்கி 15, 18 என்னும் எண்கள் வந்தன. 1989இல் 12 வயதுப் பிரிவும், 2002இல் 12 வயதுக்குட்பட்டோர் பெரியவருடன் வரலாம் என்னும் ‘12ஏ’ பிரிவும் சேர்ந்தன. இவ்வரலாற்றின் சுழற்சி 2012இல் முழுமையுற்றது எனலாம். ஹேமர் என்னும் அதே பெயரில் மீண்டெழுந்த நிறுவனம் சூசன் ஹில்லின் புதினத்தைத் தழுவி ‘கறுப்புடைப் பெண்’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பேய்ப்படத்தை வெளியிட்டது. அதன் நாயகன் டேனியல் ராட்கிளிஃப். ஹாரி பாட்டராக அவரைக் கண்டு வளர்ந்த சிறுவரும் வரவேண்டும் என்பதால் சில விநாடிக் காட்சிகள் நீக்கப்பட்டு ‘12ஏ’ பெறப்பட்டது. அவ்வாண்டில் வாரியத்திற்கு மிகுதியான முறையீடுகள் வந்தது இப்படத்தின் மீதே. தடையெழுத்தைத் தலைப்பில் சூடிய நிறுவனத்தின் வழித்தோன்றல், தடையைத் தவிர்க்கப் படத்தை வெட்டியது. காலம் மாறினும் கணக்கு ஒன்றே. எந்த எழுத்து மிகுதியான பார்வையாளரைக் கொணருமோ அவ்வெழுத்தை நோக்கியே படம் உருப்பெறுகிறது.

சனிக்கிழமைப் பகற்காட்சி

அமெரிக்காவில் 1934 முதல் கடுமையாகப் பின்பற்றப்பட்ட தயாரிப்பு நெறிமுறை, எல்லாப் படமும் எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கையில் இயங்கியது. வயதுவகை அங்கு நடைமுறைக்கு வந்தது 1968 நவம்பர் 1ஆம் நாள். அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 1ஆம் நாள், ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பிட்ஸ்பர்க் நகரில் வெளியாகியிருந்தது. வயதுக் குறியீடு ஏதுமில்லாத அப்படம் பகற்காட்சிகளில் சிறுவர்க்கும் காட்டப்பட்டது. திகில் படம் என்றால் ரப்பர் அரக்கனும் இறுதியில் நல்லவர் வெற்றியும் எனப் பழகியிருந்த சிறுவர், மனிதரை மனிதர் உண்ணும் காட்சிகளையும் நாயகன் சுட்டுக் கொல்லப்படும் முடிவையும் கண்டு உறைந்து போயினர். திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் அரங்கில் தாம் கண்ட சிறுவரின் நடுக்கத்தையும் அழுகையையும் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவருடைய கவலை, படத்தின் தரத்தினும், அதனைச் சிறுவர் முன் கொண்டுவந்து நிறுத்திய அரங்க வழக்கத்தின் மீதே மிகுதியாகப் படிந்திருந்தது.

வயதுவரம்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. ஆயினும் வரம்பு வந்தபின் வணிகம் அதனைச் சுற்றிச் செல்லும் வழிகளைக் கண்டது. 1984இல் ‘ஜி’, ‘பிஜி’, ‘ஆர்’ ஆகியவற்றுக்கிடையே ‘பிஜி-13’ என்னும் பிரிவு உருவாக்கப்பட்டது. அது அறிவுரை மட்டுமே என்பதால் பதின்வயதினர் தடையின்றி நுழையலாம். ஜப்பானியப் படத்தின் தழுவலான ‘தி ரிங்’ 2002இல் அப்பிரிவிலேயே பெருவெற்றி பெற்றது. குருதியைக் குறைத்து, அச்சத்தை ஒலியிலும் நிழலிலும் காத்திருப்பிலும் தேக்கும் திகில் படங்கள் அதன்பின் பெருகின.

இதற்கிடையே 2000 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வெளியிட்ட அறிக்கை திரைத்துறையை உலுக்கியது. வன்முறைக்காக ‘ஆர்’ குறியீடு பெற்ற 44 படங்களின் விளம்பரத் திட்டங்களை ஆராய்ந்ததில், 35 படங்கள் 17 வயதுக்குட்பட்டோரை இலக்காகக் கொண்டு விளம்பரம் செய்யப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. எவரைத் தனித்து வரக்கூடாது எனக் குறியீடு தடுத்ததோ அவரையே விளம்பரம் அழைத்திருந்தது. சான்றளிப்பும் சந்தைப்படுத்தலும் எதிரெதிர்த் திசையில் இயங்கவல்லன என்பதற்கு இது ஆவணச் சான்று.

தமிழ் மரபில் பேயும் அவையும்

தமிழிலக்கியத்தில் பேய் எந்த வயதினர்க்கும் மறைக்கப்பட்டதில்லை. திருமுருகாற்றுப்படை போர்க்களத்துப் பேய்மகளைப் பாடுகிறது. காரைக்காலம்மையார் தம்மையே பேய் என அழைத்துக்கொள்கிறார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன, போர்க்களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. அப்பகுதிகளைக் கேட்போர் அருவருப்பும் அச்சமும் நகையும் ஒருசேரக் கொள்வர். விக்கிரமாதித்தனின் வேதாளமோ சிறுவர்க்குச் சொல்லும் கதையாகவே வழங்கிவந்தது. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் தாயின் மடியில் குழந்தையும், அருகில் பாட்டியும், பின்னால் இளைஞரும் ஒரே அவையாக அமர்ந்திருப்பர். வயதுவாரியாகப் பிரிக்கப்பட்ட அவை என்னும் கருத்து இம்மரபுக்கு அயலானது.

தொடக்கக்காலத் தமிழ்த் திரைப்படமும் இவ்வழியிலேயே சென்றது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி ஏவி.எம். நிறுவனம் 1948இல் வெளியிட்ட ‘வேதாள உலகம்’ அனைவர்க்குமான மாயக்கதையாகவே வரவேற்கப்பட்டது. அதுவரை இந்தியத் தணிக்கையிலும் வயதுப் பாகுபாடு இல்லை. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் அமைந்த வாரியங்கள் ஒரு படத்தைக் காட்டலாம் அல்லது காட்டக்கூடாது எனக் கூறினவேயன்றி, இன்னாருக்குக் காட்டலாம் எனப் பிரித்துரைக்கவில்லை. விடுதலைக்குப்பின் 1949இல் செய்யப்பட்ட திருத்தமே ‘யு’, ‘ஏ’ என்னும் இரு பிரிவுகளையும் கொணர்ந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைநிறுத்தியது. வயது வந்தோர் என்பதற்கு 18 வயது நிரம்பியோர் எனப் பொருள் வரையறுக்கப்பட்டது.

‘மர்மயோகி’ இப்புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்த வேளையில் வெளியான படம். இறந்ததாகக் கருதப்படும் மன்னன் பேயுருவில் தோன்றித் தன்னைக் கொல்ல முயன்ற ஊர்வசியை அலைக்கழிக்கிறான். படத்தின் முடிவில் அம்மன்னன் உயிரோடிருப்பதும், மர்மயோகியாகவும் பேயாகவும் தோன்றியவன் அவனே என்பதும் தெரியவருகின்றன. அதாவது, தமிழ்த் திரையின் முதல் ‘ஏ’ சான்றிதழுக்குக் காரணமான பேய் உண்மையில் பேயே அன்று. கதை அச்சத்தை அவிழ்த்துப் பகுத்தறிவுக்கு உட்படுத்துகிறது. சான்றிதழோ அச்சம் தோன்றும் கணத்தை மட்டுமே கணக்கிட்டது. சிறுவனின் மனத்தில் தங்குவது இறுதியில் கிடைக்கும் விளக்கமா, இடையில் கண்ட உருவமா என்னும் வினாவுக்கு அன்றைய தணிக்கையாளர் இரண்டாவதையே விடையாகக் கொண்டனர். அவ்விடை முற்றிலும் தவறென்று கூறுதல் இயலாது. எனினும் மாவீரக் கதைகளைக் காணத் திரண்ட சிறுவர் கூட்டத்தைச் சட்டப்படி வெளியே நிறுத்திய விடை அது என்பதும் மறுக்கற்பாலதன்று.

1970இல் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையும் வயதுவகைப்பாடும் அரசமைப்புக்கு உட்பட்டனவே எனத் தீர்ப்பளித்தது. பிற கலைகளைக் காட்டிலும் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகத் தூண்டவல்லது என்பது நீதிமன்றம் கூறிய காரணங்களுள் ஒன்று. 1983இல் இரு பிரிவுகளுக்கும் இடையே, 12 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் எனக் கூறும் ‘யு/ஏ’ சேர்ந்தது. பெற்றோரின் தீர்ப்புக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

வரிவிலக்கும் சிரிக்கும் பேயும்

தமிழ்ப் பேய்ப்படத்தின் அண்மை வரலாற்றில் சான்றெழுத்தின் செல்வாக்கு கேளிக்கை வரியின் வழியாகவும் இயங்கியது. 2006இல் தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குத் தமிழக அரசு வரிவிலக்கு அளித்தது. 2011இல் அவ்விதி திருத்தப்பட்டு, ‘யு’ சான்றிதழ் பெற்ற படங்களுக்கே விலக்கு என்னும் நிபந்தனை சேர்க்கப்பட்டது. அன்றுமுதல், 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, ‘யு’ என்னும் ஓரெழுத்து தயாரிப்பாளரின் வரவு செலவில் நேரடியாகப் பங்கேற்றது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம் அவ்வடிவிலேயே தொலைக்காட்சியில் இடம்பெற இயலாது என்பதால் ஒளிபரப்பு உரிமையின் வருவாயும் அதனோடு பிணைந்திருந்தது.

இதே ஆண்டுகளில்தான் தமிழில் பேய்ப்பட அலை எழுந்தது. ராகவா லாரன்ஸின் ‘முனி’ 2007இலும் ‘காஞ்சனா’ 2011இலும் வெளிவந்தன. ‘பீட்சா’ 2012இலும், ‘பிசாசு’, ‘அரண்மனை’ ஆகியன 2014இலும், ‘டார்லிங்’, ‘டிமான்டி காலனி’, ‘மாயா’ ஆகியன 2015இலும் தொடர்ந்தன. இவற்றுள் பெருந்திரளைக் கொணர்ந்தவை பெரும்பாலும் அச்சத்தோடு நகைச்சுவையைக் கலந்தவை. பேயைக் கண்டு பெரியவர் தாயின் இடுப்பில் ஏறிக்கொள்வதும், பேய்க்கு அநீதி இழைத்தோரைப் பேயே தண்டிப்பதும், கோயில் விழாவில் கதை முடிவதும் இவ்வகையின் வாய்பாடுகளாயின. விநியோகத்தர் வழக்கில் ‘பி, சி சென்டர்’ எனப்படும் சிற்றூர் அரங்குகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் பார்வையாளர் வந்தனர்.

இக்கலப்புக்கு வரிவிலக்கு மட்டுமே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ‘முனி’ அந்நிபந்தனைக்கு முற்பட்டது. 2005இல் வெளியாகிச் சென்னையில் 800 நாட்களுக்கும் மேல் ஓடிய ‘சந்திரமுகி’ அச்சமும் நகையும் கலந்த படத்திற்கு எவ்வளவு பெரிய அவை காத்திருக்கிறது என்பதை முன்னரே காட்டியிருந்தது. அதிலும் பேய் உண்மையில் பேயன்று, மனநோயின் வெளிப்பாடு என்பது ‘மர்மயோகி’யோடு ஒப்புநோக்கத்தக்கது. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் முதலே தமிழ் அவை அச்சத்தோடு சிரிப்பையும் எதிர்பார்த்து வந்துள்ளது. எனவே சான்றெழுத்து இம்மரபைத் தோற்றுவிக்கவில்லை. முன்பே இருந்த மரபுக்கு வணிக ஊக்கத்தை அளித்தது எனக் கொள்வதே தகும். அதே வேளையில், சிரிப்பைத் துணைக்கழைக்காமல் வயது வந்தோரின் துயரையும் குற்றவுணர்வையும் பேயின் வழியே பேச விழைந்த படங்களுக்கு அவ்வூக்கம் கிட்டவில்லை என்பதும் வரலாற்றின் பகுதியாகும்.

மலாயாவில் ஒரு பேயும் பல அவைகளும்

பேய்ப்படத்தின் பார்வையாளரை மொழியும் இனமும் கடந்து வரையறுத்த முன்னோடி நிகழ்வொன்று 1957இல் சிங்கப்பூரில் நடந்தது. கேத்தே கெரிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படத்தில் மரியா மெனாடோ நடித்திருந்தார். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் பேயாகத் திரிவதாகக் கூறும் மலாய் நம்பிக்கையைத் தழுவிய அப்படத்தை இயக்கியவர் பி.என். ராவ். ‘ரம்பையின் காதல்’, ‘மதனகாமராஜன்’, ‘சாலிவாகனன்’ ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவரும் அவரே. தமிழ் மாயக்கதைப் படங்களில் பயின்ற கை மலாய்ப் பேயைத் திரைக்குக் கொணர்ந்தது. படம் சீன மொழிக்கும் மாற்றப்பட்டது. மலாயரொடு பிற இனத்தவரும் திரண்டனர். அவ்வாண்டிலேயே ஒரு தொடர்ப்படமும் 1958இல் மற்றொன்றும் வெளிவந்தன. கொல்லையில் வாழை இருந்தால் பேய் வரும் என்னும் அச்சத்தில் தமிழர், மலாயர், சீனர் என்னும் வேறுபாடு பெரிதாக இருக்கவில்லை.

பிற்காலத்தில் மலேசியத் தணிக்கை உள்நாட்டுப் பேய்ப்படங்களை நெடுங்காலம் ஊக்குவிக்கவில்லை. 2004இல் சுஹைமி பாபாவின் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ வெளியானபோது ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளிக்குப்பின் அப்பேய் திரைக்கு மீண்டதாகக் கருதப்பட்டது. 1990களில் அங்கு வழங்கிய வயதுக் குறியீடுகளுள் ஒன்று ‘18 எஸ்ஜி’ என்பது. ‘செராம்’, ‘கானாஸ்’ என்னும் மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அச்சமும் வன்மையும் என்பது பொருள். பிரிட்டனின் ‘எச்’ மறைந்து நாற்பதாண்டுகள் கடந்தபின், அச்சத்திற்கென ஓர் எழுத்து மற்றொரு மண்ணில் மீண்டும் தோன்றியது குறிப்பிடத்தக்கது. சிங்கப்பூரில் 1991இல் தொடங்கிய வயதுவகைப்பாடு படிப்படியாக விரிந்து, 2011இல் ‘பிஜி13’ சேர்ந்தபின் ஆறு பிரிவுகளைக் கொண்டதாயிற்று.

இதனால் அயலகத் தமிழ்ப் பார்வையாளர்க்கு நேரும் நிலை தனித்தன்மை உடையது. ஒரே தமிழ்ப் பேய்ப்படம் ஒரே வாரத்தில் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன் ஆகிய நகரங்களில் வெளியாகிறது. ஒவ்வொரு நகரிலும் வேறொரு குழு அதனைக் காண்கிறது. வேறொரு குறியீட்டை இடுகிறது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ‘யு/ஏ’ பிரிவை 7, 13, 16 என மூன்றாகப் பகுத்துள்ளது. இம்மூன்றும் பெற்றோர்க்கான வழிகாட்டுதலே. எட்டு வயதுக் குழந்தையோடு சென்னையில் ‘யு/ஏ 16’ படத்திற்குச் செல்லும் பெற்றோரைச் சட்டம் தடுப்பதில்லை. அதே படம் லண்டனில் ‘15’ எனக் குறிக்கப்படுமாயின், குடும்பத்தோடு வந்த பெற்றோர் குழந்தையுடன் வாயிலிலிருந்து திரும்ப நேரும். பாட்டி முதல் பெயர்த்தி வரை ஒன்றாக அமர்ந்து தாய்மொழியைக் கேட்கும் அரிய வாய்ப்புகளுள் திரையரங்கும் ஒன்றாகிய புலம்பெயர் வாழ்வில், வயதுக் குறியீடு மொழி வழங்கும் களத்தையும் தொடுகிறது. மறுபுறம், சென்னை அரங்கில் நள்ளிரவுக் காட்சியில் அஞ்சி அழும் குழந்தையின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1968இன் பகற்காட்சியில் அழுத குழந்தைக்கும் அதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் மூன்று கருத்துகளை உணர்த்துகின்றன. முதலாவது, வயதுச் சான்றிதழின் வரலாற்றில் அச்சமே பெற்றோருக்கும் அரசுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை மீண்டும் மீண்டும் நகர்த்தியுள்ளது. 1937இன் ‘எச்’ பெற்றோரின் தீர்ப்பை விலக்கியது. இந்தியாவின் ‘யு/ஏ’ அதனை மீட்டளித்தது. இரண்டாவது, சான்றெழுத்து இட்டவுடன் சந்தை அதனைத் தன் கருவியாக்கிக் கொள்கிறது. ஹேமரின் ‘எக்ஸ்’, அமெரிக்காவின் ‘பிஜி-13’, தமிழகத்தின் ‘யு’ ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளில் இதனையே மெய்ப்பிக்கின்றன. மூன்றாவது, வயதால் பிரியாத அவையை மரபாகக் கொண்ட தமிழ்ச் சமூகத்தில், பிரிக்கும் எழுத்தும் சேர்க்கும் மரபும் இன்னும் ஒன்றோடொன்று இணங்கிவிடவில்லை. சிரிக்கும் பேய் அவ்விரண்டுக்கும் இடையே எழுந்த உடன்பாடு எனக் கருதத்தகும்.

இத்துறையில் மேலாய்வு செய்வோர்க்குத் தலையாய மூலம் சான்றிதழே. இந்தியப் படங்களின் தொடக்கத்தில் சில விநாடி தோன்றும் அத்தாளில் சான்றளித்த நாளும் படத்தின் நீளமும் பிரிவும் பதிவாகியிருக்கும். நீக்கப்பட்ட பகுதிகளின் குறிப்பு அதன் இரண்டாம் பகுதியில் இடம்பெறும். இன்று இணையத்திலும் தொலைக்காட்சியிலும் வழங்கும் பழைய படங்களின் படிகள் பலவற்றில் அத்தாள் வெட்டப்பட்டுள்ளது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் படச்சுருள், பாட்டுப் புத்தகம், சுவரொட்டி ஆகியவற்றோடு சான்றிதழ்த் தாள்களையும், அரசிதழில் வெளியான சான்றளிப்புப் பட்டியல்களையும், அயலக வாரியங்கள் தமிழ்ப் படங்களுக்கு இட்ட குறியீடுகளையும் ஒருங்கே தொகுத்தல் வேண்டும். ஒரு தலைமுறை தன் குழந்தை எதனைக் கண்டு அஞ்சும் என நம்பியது என்பதை அறிய அத்தாள்களினும் நேரான சான்று வேறில்லை.